தொண்ணூற்றேழு சதவீதம்

ஒரே வீட்டுக்கு இரண்டு பிரிண்டர் எதற்கு என்று முதலில் சொன்னது நானா, தங்கையா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. அவள்தான் சொன்னாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அந்த வாக்கியம் என் குரலில்தான் காதில் விழுகிறது. ஆனால் என் தலைக்குள் யார் பேசினாலும் என் குரலில்தான் கேட்கும். தனியாக உட்கார்ந்து படித்தே வயதைக் கழித்தவர்களுக்கு அது வரும். ஆகவே நான் சொல்வதில் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். செய்த காரியத்தில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

நான் மெய்ப்புத் திருத்துபவள். அச்சுக்குப் போகும் முன் புத்தகங்களைப் படித்து, மற்றவர்கள் செய்த பிழைகளைச் சிவப்பு மையால் சுட்டிக்காட்டுவது என் தொழில். மாடி அறையில் உட்கார்ந்து செய்வேன். கீழே கூடத்தில் தங்கை தைப்பாள். கவுன், கோட்டு, பேண்ட் என்று பெண்களுக்கான உடுப்புகள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன்; அவளுக்கு உண்மையிலேயே நேரமில்லாமல் இருந்தது, அம்மாவைப் பார்த்துக்கொண்டதால்.

பிரிண்டர் என் மேசைமேல், என் கணினியோடு கேபிளில் கட்டிப்போட்டிருந்தது. தங்கை தன் லேப்டாப்பிலிருந்து அனுப்புவது வீட்டு வைஃபை வழியாக என் கணினிக்கு வந்து, அதன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பிரிண்டருக்குப் போகும். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். ஒரு விடுமுறை நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு செய்தேன். கடைசியில் அவள் லேப்டாப்பிலிருந்து ஒரு வெற்றுத்தாள் என் அறையில் வந்து விழுந்தபோது, நானே காகிதத்தைக் கண்டுபிடித்தமாதிரி நின்றேன். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை: என் கணினி விழித்திருந்தால்தான் அவளால் எதையும் அச்சிட முடியும். அது குறை என்று அவள் நினைத்தாள்.

“அக்கா, உன் பொட்டி தூங்குதா?”

“இரு, எழுப்பறேன்.”

“அப்படியே நீயும் எழுந்துக்கோ.”

அவள் தைக்கும் முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஆளின் அளவுகளை லேப்டாப்பில் போட்டு உடுப்பை வரைவாள். அந்தப் படம் அசல் அளவில் பல தாள்களில் துண்டுதுண்டாக அச்சாகும். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, துணிமேல் விரித்து, அதன் ஓரத்தோடு வெட்டுவாள். பேட்டர்ன் என்பார்கள். முதல் தாளின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும், பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர். அதை ஸ்கேல் வைத்து அளந்து, பத்து இருந்தால் மற்றத் தாள்களும் சரி என்று அர்த்தம். அந்தச் சதுரத்தை அளப்பது என் வேலையாகிவிட்டிருந்தது. அவள் படியேறி வர வேண்டாமே என்று நானே ஏற்றுக்கொண்டது. கீழேயிருந்து, “அக்கா, கட்டம்?” என்பாள். நான் அளந்துவிட்டு, “சரியா இருக்கு” என்பேன். பிறகு தாள்களை ஒரு துணிப்பையில் போட்டு, கயிறு கட்டி, மாடிப்படிக் கைப்பிடி வழியாக இறக்குவேன். கிணற்றில் வாளி இறக்குவதுபோல.

பல நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான். எனக்கு அது தாராளமாகப் போதும். அவளுக்குப் போதுமா என்று கேட்டதில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

அந்தச் சமயம் எனக்கு ஒரு புத்தகம் வந்தது. பக்கத்து ஓரங்களில் எறும்பு ஊரக்கூட இடமில்லாமல் எழுத்தை நெருக்கி வைத்திருந்தார்கள். என் சிவப்பு மைக்கு இடம் வேண்டும். பிரிண்டரின் அமைப்புக்குள் போய், நூறு சதவீதம் என்றிருந்ததைத் தொண்ணூற்றேழு ஆக்கினேன். எழுத்து சற்றே சுருங்கியது, ஓரம் கிடைத்தது. வேலை முடிந்ததும் திருப்பிவைக்க மறந்தேன். இது மட்டும் நிஜமான மறதி. ஒரு குற்றத்துக்கு ஒரு நிஜமான மறதியாவது இருப்பது நல்லது, பிறகு சொல்லிக்கொள்ள உதவும்.

தங்கை தன் பக்கத்தில் ‘அசல் அளவு’ என்று டிக் போட்டுத்தான் அனுப்புவாள். ஆனால் கடைசி வார்த்தை என் கணினியுடையது. அவள் நூறு என்று அனுப்ப, அது தொண்ணூற்றேழு என்று அச்சடித்தது. மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் காணாமல் போனது. அன்று அவள் “கட்டம்?” என்று கேட்டபோது நான் ஒரு காற்புள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அளக்காமலே, “சரியா இருக்கு” என்றேன்.

அது பக்கத்துத் தெருப் பள்ளித் தலைமையாசிரியையின் கோட்டு. போட்டுப் பார்க்க வந்தார். நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மூச்சை உள்ள இழுங்க மேடம்.”

“இழுத்துத்தாம்மா நிக்கறேன்.”

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வெளிய வந்துடும்.”

அவர் போனபிறகு தங்கை மாடிப்படியடியில் நின்று, “லீவுல நல்லா வெட்டியிருக்காங்க போல” என்றாள். இருவரும் சிரித்தோம். சேர்ந்து சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலமே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என் வேறொரு வேலைக்காக அமைப்பைத் திறந்தபோது தொண்ணூற்றேழு என்னை நிமிர்ந்து பார்த்தது. பிழை கண்டுபிடிப்பது என் தொழிலாயிற்றே. சிரித்தபடியே எழுந்தேன். ‘பாவம்டி அந்த அம்மா, அவங்க குண்டாகல, நாம சின்னதாக்கிட்டோம்’ என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துகொண்டு இறங்கினேன்.

கீழே மீட்டர் உட்கார்ந்திருந்தார். தங்கைக்குத் துணி கொடுக்கும் கடைக்காரர். ஒரு மீட்டர் கேட்டால் ஒரு சாண் சேர்த்தே வெட்டுவார் என்பதால் அந்தப் பெயர். மனைவியை இழந்தவர். என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். நல்ல சேதி சொல்லப்போகிறவர்களின் முகம் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் பார்த்தவுடன் புரிந்தது.

“அக்கா, நானே மேல வந்து சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள் தங்கை.

“என் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகுதுக்கா,” என்றார் மீட்டர். “இவங்க அங்க தைக்கட்டும். அப்புறம்... ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்துடலாம்னு.”

“ரொம்ப நல்லது,” என்றேன்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையை அகல விரித்துக் காட்டினார். “கதவு அகலத்துக்கு ஒரு பிரிண்டர் வருதுக்கா. சுருள் பேப்பர். ஒரே இழுப்புல முழு பேட்டர்னும் வந்துடும். ஒட்ட வேணாம், அளக்க வேணாம். உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணவே வேணாம்.”

நல்ல மனிதர். எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். நான் இன்னொரு முறை ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு அகலமான பிரிண்டர்மேல் பொறாமைப்பட்டாள் என்று வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தொண்ணூற்றேழை மாற்ற மறந்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினேன். அடித்துவிட்டேன். மறக்கவில்லை.

அடுத்துவந்த வாரங்களைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தங்கையிடம் தைக்கும் பெண்கள் ஒவ்வொருவராகக் குண்டாகத் தொடங்கினார்கள். தலைமையாசிரியை சாயங்காலம் நடக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து வங்கிக் காசாளர் நடந்தார். எதிர் வரிசை ரொட்டிக் கடைக்காரர், “உங்க தங்கச்சி என்ன தைக்கறாங்களா, டயட் கிளாஸ் எடுக்கறாங்களா? கேக்கை ஈதான் மொய்க்குது” என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். பகுதியின் ஆரோக்கியத்துக்கு என்னளவு உழைத்தவர்கள் அந்நாளில் வேறு யாரும் இல்லை.

ஆனால் தங்கை முட்டாள் இல்லை. ஒருநாள் தைத்து முடித்த கவுனை டேப்பால் அளந்தாள். குறைவாக இருந்தது. லேப்டாப்பில் எண்கள் சரியாக இருந்தன. வெட்டி முடித்த பேட்டர்ன் தாள்களை அன்றாடம் எடுத்துக் குப்பையில் போடுவது நான். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதில் எனக்கு அந்தச் சமயம் திடீர் அக்கறை வந்திருந்தது. அதனால் அதே பேட்டர்னை மறுபடி அச்சுக்கு அனுப்பிவிட்டு, அவளே மாடிக்கு ஏறி வந்தாள். அவளுடைய காலடி ஏறிவரும் நேரம், தொண்ணூற்றேழை அழித்து நூறைப் போட்டு, வந்து விழுந்த தாள்களை ஒளித்துவிட்டு, அதே படத்தை மறுபடி அச்சுக்கு அனுப்பத் தாராளமாகப் போதும்.

என் ஸ்கேலை எடுத்து அவளே சதுரத்தை அளந்தாள். பத்து. திருப்பி அளந்தாள். பத்து.

“பிரிண்டர் மேல தப்பில்ல.”

“இல்லடி.”

“அப்ப என் கைதான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அதன்பிறகு கவனமாக இருந்தேன். எப்போதும் தொண்ணூற்றேழு என்றால் பிடிபட்டுவிடும். சில நாள் நூறாகவே விட்டுவைப்பேன். அந்த உடுப்புகள் அச்சாகப் பொருந்தும். அவள் முகம் தெளியும். மறுநாள் தொண்ணூற்றேழு. எது எந்த நாள் என்பதற்குக் கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. மீட்டர் வந்துபோன நாட்களில் அதிகம் என்று தோன்றுகிறது. அவர் கொண்டுவரும் ஒரு சாண் கூடுதல் துணியும் என்னுடைய குறைவும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டதாகவும் ஞாபகம். காகிதம்தான் சுருங்குகிறது, துணி இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அம்மாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அம்மாவும் தைத்தவர். தங்கையின் அப்போதைய வயதில் வெட்டில் தப்புச் செய்ய ஆரம்பித்தார். ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாக வெட்டியதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு அடுப்பை மறந்தார், தெருவை மறந்தார், எங்களை மறந்தார். கூடத்தை ஒட்டிய அறையில் பல வருடம் கிடந்து போனார். குளிப்பாட்டியது, ஊட்டியது, வாசலுக்கு ஓடியபோது பிடித்து இழுத்து வந்தது எல்லாம் தங்கை. நான் மாடியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருத்தராவது சம்பாதிக்க வேண்டும் அல்லவா.

“அம்மாவுக்கு எதுலக்கா ஆரம்பிச்சுது?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

அவளுக்குத் தெரியாததா. தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, அது இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

“வெட்டுலதான்,” என்றேன்.

டாக்டரிடம் போனோம். நானும் கூடப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். சில வார்த்தைகள் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டார். எல்லாம் சொன்னாள். அந்த வார்த்தைகளில் ஒன்றை நான் மறந்துவிட்டிருந்தேன்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத் தூங்குங்க. தேவைன்னா கண்ணாடியை மாத்துங்க.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். காற்றில் முடி பறந்தது. “ஒண்ணும் இல்லையாம்க்கா,” என்றாள். இரண்டு நிறுத்தம் போனபிறகு மறுபடியும், “ஒண்ணும் இல்லையாம்,” என்றாள், தனக்குத்தானே. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தக் கடை, அந்த மனிதர், அந்தக் கதவகலப் பிரிண்டர் எல்லாம் அவள் முகத்தில் வரிசையாக வந்து நின்றன.

“அம்மாவுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க,” என்றேன்.

அது உண்மை. அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். நான் பொய்க்காரி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் குற்றம் பிரிண்டரில் செய்த மூன்று சதவீதம். அதற்குமேல் நான் எதையும் திரிக்கவில்லை.

அதற்குப்பிறகு நர்சுகளின் சீருடை. மீட்டர் அலைந்து திரிந்து ஒரு மருத்துவமனையில் பிடித்துக்கொடுத்த ஆர்டர். புதுக் கடையை அதை வைத்துத்தான் திறப்பதாக இருந்தார்கள். தங்கை முதலில் மாட்டேன் என்றாள். அவர் விடவில்லை. “நீங்க வரைங்க, அக்கா அளக்கட்டும், நான் வெட்டறேன். மூணு பேர்ல ஒருத்தருக்காவது புத்தி இருக்காதா?” என்று சிரிக்கவைத்துச் சம்மதிக்கவைத்தார்.

தாள்கள் வந்து விழுந்தன. அவள் மாடிப்படியடியில் வந்து நின்றாள். வழக்கம்போலக் கத்தவில்லை.

“அக்கா, கட்டம் நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்காக ரெண்டு தடவை அள.”

இரண்டு தடவை அளந்தேன். வேலையில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை, அந்த முதல் நாளைத் தவிர. இரண்டு தடவையும் ஒன்பது புள்ளி ஏழு. கீழே அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தில் என்னென்னவோ யோசித்ததாக இப்போது எழுதலாம். யோசிக்கவில்லை. கீழே அவள் காத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

“சரியா இருக்கு.”

பையை இறக்கினேன்.

மருத்துவமனையிலிருந்து மூத்த நர்ஸ் ஒருவர் அத்தனையையும் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். கோபக்காரர் இல்லை. ஒன்றை மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கிக் காட்டினார். அக்குளில் படபடவென்று தையல் விட்டது.

“நான் பேஷன்டைத் தூக்கறதா, இந்தச் சட்டையைத் தூக்கறதா, நீங்களே சொல்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் போனபிறகு மீட்டர் ஒரு சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வெட்டியது அவர். தன் கை தவறியிருக்கும் என்று சொல்லிப்பார்த்தார். தங்கை தலையை ஆட்டினாள்.

“நான் வரைஞ்சபடிதான் நீங்க வெட்டினீங்க.”

“ஒரு ஆர்டர் போனா போகட்டும். அதுக்கென்ன இப்ப?”

“ஆர்டர் இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க பேர் எனக்கு ஞாபகம் இருக்காது. நீங்க யாருன்னு உங்களையே கேப்பேன். எங்கம்மாவை நான் பாத்திருக்கேன். அதை உங்க தலையில கட்டமாட்டேன்.”

“டாக்டர் ஒண்ணும் இல்லன்னாரே.”

“முதல்ல அப்படித்தான் சொல்வாங்க.”

என் வாக்கியம். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மீட்டர் என்னைப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

படித்தவள் என்பதால் என் மௌனத்துக்கு எங்கள் பகுதியில் நல்ல மரியாதை உண்டு. பேசாமல் நின்றாலே ஆழமாக ஏதோ சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அன்று போதுமான அளவு பேசாமல் நின்றேன். பிறகு, “அவ இஷ்டம்,” என்றேன். அவர் சட்டையை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்றே எண்ணை நூறுக்கு மாற்றிவிட்டேன். யாரும் சொல்லாமல், நானாக மாற்றினேன்.

நீங்கள் ஒன்று கேட்கலாம். அவள் போனால் எனக்கு என்ன குறைந்துவிடும், நான்தான் தனிமை விரும்பி ஆயிற்றே என்று. நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாருமே இல்லாத வீட்டில் பேசாமல் இருப்பதை யாரும் மௌனம் என்று சொல்லமாட்டார்கள். கீழே ஒருத்தி தைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடலாம் என்று இருந்தால்தான் மேலே நான் பேசாமல் இருப்பதற்கு ஒரு பொருள். இதைவிட நல்ல காரணமாகக் கிடைக்கும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. இவ்வளவு படித்தும் இவ்வளவுதான்.

தலைமையாசிரியை ஓய்வுபெற்றுவிட்டார், இன்னும் நடக்கிறார், ஆரோக்கியமாக இருக்கிறார். ரொட்டிக் கடைக்காரர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். சீருடைகளை மருத்துவமனை வேறு இடத்தில் தைத்துக்கொண்டது. மீட்டர் மூன்று வருடம் காத்திருந்துவிட்டு ஒரு பள்ளி நூலகரைக் கல்யாணம் செய்துகொண்டார். பக்கத்துக் கடையைத் துணி வைக்கும் கிடங்காக்கிவிட்டார். எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை. நான் இப்போதும் மெய்ப்புத் திருத்துகிறேன். தங்கை தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு, அம்மாவின் அறைக்கு மாறிக்கொண்டாள். வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், ஒன்றும் இல்லை என்கிறார். அடுப்பை அணைத்துவிட்டாளா, கதவைப் பூட்டிவிட்டாளா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் படுக்கப்போவாள். அணைத்திருந்தாலும் நான் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். எனக்கு முன்னே பின்னே ஏதாவது ஆகிவிட்டால் அவளை யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் இப்போது என் கவலை.